நகைச்சுவையான நிகழ்வொன்றை விவரித்தார்

கிரிம்ஸ்பி, இங்கிலாந்து
3 மார்ச் 2006

கிங்கா,

எப்போதும் முதல் பக்கத்தை இங்கிலீஷில் எழுதுவேன், இந்த முறை எழுதவில்லை. திருத்துகிற சிவப்புப் பேனாவை நீ மூடி வைத்துவிடலாம். எனக்கு இப்போது திட்ட வேண்டும். திட்டுவதற்கு எனக்குப் போலிஷ்தான் வரும்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாளாயிற்று. நீ நாலு முறை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடிதத்தில் அடுத்த வார்த்தைக்கு முன்னால் மூச்சு விடவாவது நேரம் கிடைக்கிறது.

இந்த முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்ளும் பதினொரு பேரில் ஒருவர் மிஸஸ் ட்ரான்ட்டர். எண்பத்தொரு வயது. முப்பது வருடம் துறைமுகத்தில் மீன் அறுத்தவர். முதல் நாளே என் விரல் தழும்புகளைப் பார்த்து, “என்ன, மீனா?” என்று கேட்டார். “இல்ல, கண்ணாடி. இருபத்துநாலு வருஷம் ஃபேக்டரியில கண்ணாடி தேச்சேன்” என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘வாத்து’. இந்த ஊரில் பிடித்தவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நீ அனுப்பிய அறுபத்துமூன்று இங்கிலீஷ் வார்த்தைப் பட்டியல்களில் எதிலும் இது இல்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரம். மிஸஸ் ட்ரான்ட்டருக்கு நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் குனிந்து, “காலையில பாத்ரூம்ல எனக்கு ஒரு ஃபன்னி டர்ன் வந்துச்சு, வாத்து” என்றார்.

ஃபன்னி என்றால் வேடிக்கை. அது குழந்தைக்குக்கூடத் தெரியும். டர்ன் என்றால் திருப்பம். மேடையில் ஒருவர் வந்து ஆடிப் பாடிச் சிரிக்க வைத்துவிட்டுப் போவதற்கும் அதே சொல்தான் என்று இருபதாவது பட்டியலில் நீதான் எழுதியிருந்தாய். அடியில் கோடு வேறு போட்டிருந்தாய். பாத்ரூமில் ஏதோ வேடிக்கை நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். “பிரமாதம், அப்புறம் எனக்கு முழுசா சொல்லணும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவரும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இப்போது என்னைச் சாப்பிட விடாமல் செய்கிறது.

வேலை முடிந்ததும் ஒவ்வொருவரைப் பற்றியும் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். மற்றவர்கள் ‘நன்றாக இருக்கிறார், சாப்பிட்டார்’ என்று எழுதுவார்கள். நான் உன் மாணவி அல்லவா. நான் எழுதியது இது: ‘திருமதி ட்ரான்ட்டர் இன்று உவகை ததும்பும் மனநிலையில் உள்ளார். நகைச்சுவையான நிகழ்வொன்றை விவரித்தார்.’

அந்தம்மாவுக்குத் தலை சுற்றி, கண் இருட்டி, ஒரு நிமிடம் கை விளங்காமல் போயிருக்கிறது, கிங்கா. அதற்குத்தான் இங்கே அந்தப் பேர். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மறுநாள் விடிகாலையில் பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

விசாரணையில் மேனேஜர் ஹாலம் என் இரண்டு வரியையும் சத்தமாகப் படித்தார். மிஸஸ் ட்ரான்ட்டரின் மகள் ஜில்லியன் எதிரே உட்கார்ந்திருந்தாள். “கிண்டல் பண்றாளா இவ?” என்று கேட்டாள். எனக்கு அது புரிந்தது. அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஏப்ரல் 12 அன்று முடிவு சொல்வார்கள். உன்னிடம் எனக்கு ஒரே கேள்வி. இங்கிலீஷில் எம்.ஏ., பதினொரு வருட ஆசிரியை. உனக்கு அது தெரியுமா? தெரியும் என்றால் எனக்கு ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை?

மிர்கா


க்ரோஸ்னோ, போலந்து
13 மார்ச் 2006

அக்கா,

உன் கடிதம் பள்ளிக்குக் கிளம்பும்போது வந்தது. மாடிப்படியிலேயே நின்று படித்தேன். முதல் இரண்டு பாடங்களையும் எப்படி நடத்தினேன் என்று நினைவில்லை.

மிஸஸ் ட்ரான்ட்டருக்காக வருத்தப்படுகிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவளுக்கு இதயமே இல்லை என்பாய். ஆனால் எல்லாவற்றையும் தூக்கி என் தலையில் போட்டால் நான் வாங்கிக்கொண்டு நிற்க மாட்டேன்.

அந்தத் தொடர் அகராதியில் இருக்கிறது. ‘டர்ன்’ என்ற சொல்லுக்குக் கீழே, கடைசிப் பகுதியில். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நீ போகும்போது அதே அகராதியின் சின்னப் பதிப்பை உன் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தாயா? அதை ஜன்னல் மூடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருப்பதாக நீயேதான் எழுதினாய்.

பட்டியல் யார் கேட்டது, அக்கா? ‘கஷ்டமான வார்த்தையா அனுப்பு, சும்மா துடைக்கிறவ மாதிரி பேசினா இங்க யாரும் மதிக்க மாட்டாங்க’ என்று எழுதியது யார்? சாதாரணப் பேச்சு அங்கே தானாக வந்துவிடும், அங்கே கிடைக்காததை நான் அனுப்புகிறேன் என்றுதான் நான் நினைத்தேன். நீயும் ஒப்புக்கொண்டாய். ‘பேப்பர்ல வர்ற மாதிரி பேசுற’ என்று உன்னை அவர்கள் பாராட்டியதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாய். அன்றைக்கு என் இங்கிலீஷ் இனித்தது.

நிஜமான காரணத்தை நான் சொல்லட்டுமா? உனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ‘அப்படின்னா என்ன?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மனுஷி ஐந்து வார்த்தையில் விளக்கியிருப்பார். நீ கேட்க மாட்டாய். ஒருபோதும் கேட்டதில்லை. 1990 ஏப்ரலில், ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் நம் அம்மாவைப் பற்றி லத்தீனில் என்னென்னவோ சொன்னபோதும் நீ இதைத்தான் செய்தாய். ‘ஆமா டாக்டர், புரியுது டாக்டர்.’ வீட்டுக்கு வந்து என்னிடம், ‘குடல்ல ஏதோ புண்ணாம், சரியாயிடுமாம்’ என்றாய். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று எனக்குத் தெரிந்தபோது அவளுக்குப் பதினெட்டு நாள்தான் மிச்சம் இருந்தது. நீ அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் ஒரு மாதம் அவளோடு இருந்திருப்பேன்.

இதைப் பதினாறு வருடமாக நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ ஆரம்பித்ததால் சொன்னேன்.

கிங்கா


கிரிம்ஸ்பி
22 மார்ச் 2006

கிங்கா,

சரி. நீ உன் மூட்டையை அவிழ்த்துவிட்டாய். நானும் அவிழ்க்கிறேன்.

டாக்டர் லத்தீனில் சொன்னது அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால். அதற்கு முன்னாலேயே, முந்தின வாரமே, அவர் தன் அறையில் கதவைச் சாத்திவிட்டு நம் மொழியில் என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு எல்லாம் தெரியும். வராந்தாவில் நான் ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டியது அம்மாவுக்கு முன்னால் நடித்தது. அதுவும் வீண். அவள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “சின்னவ பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாதே” என்றாள். உனக்கு மே மாதம் பள்ளி இறுதித் தேர்வு. நீ இங்கிலீஷில் முதலாவதாக வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? குடலில் புண் என்று நான் சொன்ன பொய்யில்தான் நீ அந்தப் பரீட்சையை எழுதினாய்.

எனக்குப் புரியாமல் தலையாட்டினேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டு, என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். நல்லது.

இப்போது வேறொன்று. இங்கே வந்த முதல் மாதம் ஒரு பாட்டி, ‘ஒரு பென்னி செலவழிக்கணும்’ என்று கெஞ்சினார். நான் ஓடிப்போய் அவருடைய பர்ஸை எடுத்து வந்தேன். கக்கூஸ் போக வேண்டும் என்பதற்கு இவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாவம், நாற்காலியிலேயே போய்விட்டார். அழுதார். நானும் அவரைக் கழுவிவிட்டபடியே அழுதேன். அதை நான் உனக்கு எழுதினேன். என் தங்கைக்கு எழுதினேன். நீ அதை உன் வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறாய். கீழ்வீட்டு ரெகினாவின் மகள் உன் வகுப்பில்தானே படிக்கிறாள்? கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வந்தபோது அவள் மாடிப்படியில் என்னைப் பார்த்து, “பர்ஸ் எடுத்து வந்த ஆன்ட்டி நீங்கதானே?” என்றாள். நான் சிரித்து வைத்தேன். எனக்குச் சிரிக்கத்தான் வருகிறது போலிருக்கிறது.

பிப்ரவரி 21 காலையில் அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தது நான் மட்டும் இல்லை. எங்கள் சீனியர் டெனிஸ் அடுத்த மேசையில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். மிஸஸ் ட்ரான்ட்டர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும். இப்போது, ‘எனக்கு ஒண்ணும் கேக்கல’ என்கிறாள். விசாரணையில் அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வார்த்தை இல்லை. ‘ஒளிவுமறைவற்ற’ என்பதற்கு எனக்கு மூன்று இங்கிலீஷ் சொல் தெரியும். ‘இவளுக்கும் கேட்டுச்சு’ என்று அந்த அறையில், அத்தனை பேர் முன்னால், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ‘யெஸ், ஸாரி, யெஸ்’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அகராதியில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். கண்டுபிடித்தாய் என்றால் தேடினாய் என்றுதானே அர்த்தம்? நான் கேட்டது அகராதிக்குத் தெரியுமா என்று இல்லை. உனக்குத் தெரியுமா என்று.

மிர்கா


க்ரோஸ்னோ
29 மார்ச் 2006

அக்கா,

அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் எழுத முடியாது. மூன்று முறை உட்கார்ந்தேன், முடியவில்லை.

ஏப்ரல் 12க்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. உனக்காக எழுத்துமூல விளக்கம் ஒன்று தயார் செய்திருக்கிறேன், நாலு பக்கம். இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டு அங்கே படித்தால் போதும். டெனிஸ் விஷயமும் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஆரம்பம் இப்படி வரும்:

‘மேற்படி சொற்றொடரின் பொருள்மயக்கமும், அன்னியமொழிச் சூழலில் பணிபுரிய நேர்ந்தோர்க்கு இயல்பாய் வாய்க்கும் இடர்ப்பாடுகளும் ஒருங்கே விளைவித்த இத்துயரார்ந்த நிகழ்வின் பொருட்டு, என் ஆழ்ந்த மனவேதனையைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விழைகிறேன்.’

வாய்விட்டுப் பத்து முறை படித்துப் பழகிக்கொள். எங்கே அழுத்த வேண்டும் என்று பென்சிலால் குறித்திருக்கிறேன்.

கிங்கா


கிரிம்ஸ்பி
4 ஏப்ரல் 2006

உன் நாலு பக்கமும் இந்த உறைக்குள் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள். துண்டுகளாக இருக்கும்.

உனக்குப் பைத்தியமா? இதை நான் அங்கே படித்தால் முதல் கேள்வி என்ன கேட்பார்கள்? ‘இவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்சவளுக்கு அந்த ரெண்டு வார்த்தை மட்டும் தெரியாமப் போச்சா?’ என்று கேட்பார்கள். ஜில்லியன் மறுபடியும், கிண்டல் பண்றாளா என்பாள். இந்த முறை அவள் சொல்வது சரியாகவும் இருக்கும். என்னைக் குழியில் தள்ளிய அதே மண்வெட்டியைக் கையில் கொடுத்து, இன்னும் கொஞ்சம் தோண்டு என்கிறாய்.

நானே எழுதிக்கொள்கிறேன். தப்பாக எழுதுவேன்.

மூன்றாவது முறை கேட்கிறேன், இனிமேல் கேட்க மாட்டேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

மி.


க்ரோஸ்னோ
10 ஏப்ரல் 2006

அக்கா,

தெரியாது.

உன் முதல் கடிதத்தை மாடிப்படியில் படித்தபோது, ‘பாத்ரூமில் வேடிக்கையாக ஏதோ நடந்தது’ என்றுதான் நானும் படித்தேன். நீ சிரித்தேன் என்று எழுதிய இடத்தில் நானும் சிரித்தேன். அடுத்த பத்திக்கு வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மேலே ஓடிப்போய் அகராதியை எடுத்தேன். பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருக்கும் அகராதி. இரண்டு நிமிடம் என்று எழுதியதும் பொய். அரை மணி நேரம் தேடினேன். ‘ஃபன்னி’யின் கீழே தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1997இல் எனக்கு இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் ஓராண்டு உதவி ஆசிரியை வேலை கிடைத்தது. ‘விசா ஒத்துவரல’ என்று வீட்டில் சொன்னேன். விசா கைக்கு வந்துவிட்டது. நான்தான் போகவில்லை. அதற்கு முந்தின வருடம் கோடைப் பயிற்சிக்காக இரண்டு வாரம் போயிருந்தேன் அல்லவா, அப்போது பஸ் டிரைவர் பேசியது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கடைக்காரி பேசியதும் புரியவில்லை. தங்கியிருந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது எல்லாரும் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன். வகுப்பறையில் மட்டும் எல்லாம் புரிந்தது. ஒரு வருடம் அங்கே இருந்தால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்தேன். உனக்குப் புத்தக வார்த்தைகளை அனுப்பியதற்குக் காரணம், நான் தப்பு செய்யாத இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

‘நீ கேட்க மாட்டாய்’ என்று உன்னைத் திட்டினேனே, அந்த வரியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது தெரிகிறதா?

பர்ஸ் கதையை வகுப்பில் படித்தது உண்மை. பாட்டி அழுததையும் நீ அழுததையும் விட்டுவிட்டுப் படித்தேன். அப்போதுதான் சிரிப்பு வரும் என்று தெரிந்தே விட்டேன். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஆனால் அம்மா விஷயத்தில் உன்னை நான் விடப் போவதில்லை. அம்மாதான் சொல்லாதே என்றாள், சரி. உனக்கு முப்பது வயது. எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. என் அம்மா செத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து அறையில் வினைச்சொல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவள் சுவரைத் தட்டி, ‘கொஞ்சம் வாயேன்’ என்று கூப்பிட்டபோது, ‘இரும்மா, பரீட்சை’ என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணிப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது அதை எனக்கு முடிவு செய்யக் கொடுத்திருக்கலாம். அந்த முதலிடத்தை நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் பன்னிரண்டாம் தேதிக்குள் உனக்குக் கிடைக்காது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

கிங்கா


கிரிம்ஸ்பி
23 ஏப்ரல் 2006

கிங்கா,

ஈஸ்டருக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. இங்கே அறையில் இருக்கும் மற்ற இரண்டு பெண்களும் முட்டைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போய்ப் படித்தேன். அப்புறம் ஒரு வாரம் உனக்கு எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான்.

விசாரணையைச் சொல்கிறேன். நான் எழுதிப்போனது ஏழு வரி. ‘எனக்குப் புரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு. சிரிச்சேன். பெரிய வார்த்தை போட்டு எழுதினேன், ஏன்னா நான் முட்டாள் இல்லன்னு காட்டணும்னு நெனச்சேன். அவங்க சிரிச்சது சந்தோஷத்துல இல்ல, எனக்காக. டெனிஸ் அடுத்த மேசையில இருந்தாங்க. அவங்களுக்கும் கேட்டிருக்கும்.’ படித்து முடித்தபோது என் முதுகெல்லாம் நனைந்திருந்தது. எத்தனை தப்பு இருந்ததோ எனக்குத் தெரியாது. யாரும் திருத்தவில்லை.

ஹாலம் டெனிஸைப் பார்த்தார். அவள், “கேட்டுச்சு. ஆனா இவ சிரிச்சா. இவ சிரிச்சதும், பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்” என்றாள். அவளுக்கும் அழுகை வந்தது. எனக்கு இரக்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் வரவில்லை. ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாளே என்றுதான் வந்தது.

இரண்டு பேருக்கும் கடைசி எச்சரிக்கை. என்னைச் சலவை அறைக்கு மாற்றுகிறார்கள். அதைச் சொல்லும்போது ஹாலம், நான் ‘ஈவன்ச்சுவலி’ பழைய வேலைக்குத் திரும்பலாம் என்றார். அந்தச் சொல் நம் காதில் எப்படி விழும் என்று உனக்குத் தெரியும், நம் பேச்சில் அதற்கு ‘ஒருவேளை’ என்று பொருள். என்னைத் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். கதவுவரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்து, “எனக்குப் புரியல. ஒருவேளை திரும்பலாமா, இல்ல கட்டாயம் திரும்புவேனா?” என்று கேட்டேன். அவர் என்னவோ போலப் பார்த்தார். “கட்டாயம். ஆனா கொஞ்ச நாள் ஆகும்” என்றார். கேட்பதற்கு எனக்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் எனக்குக் கோபம்தான். கோபம் இருந்ததால்தான் கேட்க முடிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜில்லியன் வார்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். “எதுக்கு வந்தே?” என்றாள். “அவங்ககிட்ட சொல்லணும்” என்றேன். “என்ன சொல்லுவே? அவங்களுக்குப் பதில் பேச வாயில்லை.” “அதான் நான் பேசணும்” என்றேன். அவள் வழி விட்டது எனக்கே ஆச்சரியம்.

மிஸஸ் ட்ரான்ட்டர் தலையணையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருக்கிறது அவரிடம். ‘யெஸ்.’ நான் கட்டிலருகே மண்டியிட்டு, அன்றைக்கு ஏன் சிரித்தேன் என்று சொன்னேன். “யெஸ்” என்றார். அழுதுவிட்டேன். அதற்குள் நர்ஸ் வந்தாள். “வலி இருக்கா, செல்லம்?” “யெஸ்.” “வலி இல்லையா?” “யெஸ்.” “சாப்பிட்டாச்சா?” “யெஸ்.” நர்ஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நகர்ந்தாள்.

பதினெட்டு மாதம் நான் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இந்த ஊரில் பிழைத்தேன். அது எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாதா? “நில்லுங்க” என்றேன். மிஸஸ் ட்ரான்ட்டரிடம், “உங்க பேரு பீட்டரா?” என்று கேட்டேன். “யெஸ்” என்றார். நர்ஸ் திரும்பினாள். ஜில்லியனின் கை வாய்க்குப் போயிற்று. அத்தனை வாரமும் அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். என் கையைக் காட்டி, “வலின்னா என் கையைப் பிடிங்க” என்றேன். பல்லைக் கடித்து வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அவருடைய விளங்காத தோளைத் தொட்டேன். இடது கையால் என் விரல்களை அப்படியே நசுக்கினார். மீன் அறுத்த கை. இன்னும் பலம் போகவில்லை. தோள் மூட்டு நழுவியிருந்தது, கிங்கா. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் வந்து போன பிறகு ஜில்லியன் என்னோடு லிஃப்ட்வரை நடந்தாள். லிஃப்ட் கதவு திறந்தபோது சொன்னாள்: “உன்னை நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. செவ்வாயும் வியாழனும் வேலை முடிஞ்சதும் வா. அவங்களை இப்படி கேக்கறதுக்கு வேற ஆள் இல்லை.”

ஒரு செவ்வாயும் ஒரு வியாழனும் போய்விட்டு வந்தேன். முதல் தடவை மிஸஸ் ட்ரான்ட்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும் வந்தேன்.

உன் கடிதத்தில் அம்மா சுவரைத் தட்டியதைப் படித்தேன். எனக்கு அது தெரியாது. நான் அப்போது ஃபேக்டரியில் இருந்திருப்பேன். அம்மா பேச்சைக் கேட்டு நான் செய்தது சரி என்று பதினாறு வருடம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வராது, கேட்காதே.

நீ வகுப்பில் படித்துச் சிரிக்க வைத்ததை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே ஜில்லியன் சொன்னதை நான் போலிஷில் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். உன்னை மன்னிக்கவில்லை. ஜூலையில் பள்ளி விடுமுறை விட்டதும் வா. என்னோடு பஸ்ஸில் வரலாம், சலவை அறையில் நிற்கலாம், இவர்கள் பேசுவதைக் கேட்கலாம். புரியாவிட்டால் இரண்டு பேருமாகக் கேட்போம்.

என் கட்டில் ஒருவருக்குத்தான் காணும். நீ தரையில் படுத்துக்கொள்.

மிர்கா